கொற்கையிலிருந்து காயல் வரை: நிலமும் நீரும் உருவாக்கிய பாண்டிய நாடு

நஜ்ஜாஷி மன்னரின் பெயரை அறியாத முஸ்லிம் குடும்பம் இருக்காது. மக்காவில் கொடுமைகள் எல்லை மீறியபோது நபித்தோழர்களில் ஒரு குழுவினர் செங்கடலைக் கடந்து அவருடைய நாட்டில் அடைக்கலம் புகுந்தார்கள். கி.பி. 615 வாக்கில் நடந்த அந்த முதல் ஹிஜ்ரத்தை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படித்துவிடுகிறார்கள். ஆனால், அந்த நாடு ஏன் அந்த இடத்தில் உருவானது, எதனால் செழித்தது, பிறகு ஏன் தளர்ந்தது என்ற கேள்விகளை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

அபிசீனியா என்று நாம் சொல்லும் அந்த நாட்டின் பழைய பெயர் அக்ஸூம். தலைநகரம் அக்ஸூம், இன்றைய எத்தியோப்பியாவின் வடக்கே கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான பீடபூமியில் இருக்கிறது. அங்கே மழை உண்டு, விளைநிலம் உண்டு, வெயிலின் கடுமை குறைவு. கீழே இறங்கினால் வறண்ட செங்கடல் கரை. அந்தக் கரையில், இன்றைய எரித்திரியாவில், அதூலிஸ் என்ற துறைமுகம் இருந்தது. மேட்டு நிலம் சோறு போட்டது. துறைமுகம் செல்வம் கொண்டுவந்தது. யானைத் தந்தம் கடல் வழியே வெளியே போனது. துணியும் உலோகமும் உள்ளே வந்தன. சொந்தமாகத் தங்கக் காசு அச்சடிக்கும் அளவுக்கு அந்த அரசு உயர்ந்தது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல் வழிகாட்டி நூல் ஒன்று இருக்கிறது. ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்’ என்பது அதன் பெயர். அதூலிஸிலிருந்து அக்ஸூமுக்கு எட்டு நாள் பயணம் என்று அதில் கணக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அதே நூலில் நமது தென்கோடியில் உள்ள இன்னொரு துறைமுகமும் வருகிறது. பாண்டிய மன்னனின் ஆட்சியில் முத்துக்குளிப்பு நடக்கும் ஊர் என்று அது குறிப்பிடும் ‘கொல்கோய்’ என்பது நமது கொற்கைதான்.

இந்த இரண்டு துறைமுகங்களுக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. இன்று அதூலிஸின் இடிபாடுகளும் கொற்கை கிராமமும் கடற்கரையில் இல்லை. இரண்டுமே கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கின்றன.

ஓர் அரசை உருவாக்குவதில் நிலத்துக்கும் நீருக்கும் என்ன பங்கு உண்டு என்பதைப் பாண்டிய நாட்டைக் கொண்டு இக்கட்டுரையில் பார்ப்போம். வடசென்னையில், குறிப்பாக எர்ணாவூர், எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளில் வாழும் நமக்கு இது பழங்கதை மட்டுமல்ல. ஆறும் கடலும் கூடும் ஒரு முகத்துவாரத்தின் அருகில்தான் நாமும் குடியிருக்கிறோம்.

இரண்டு ஆறுகள், இரண்டு குணங்கள்

பாண்டிய நாட்டின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பகுதி அந்த மலையின் மறுபக்கத்தில், கேரளத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் மதுரை, விருதுநகர், இராமநாதபுரம், தூத்துக்குடிப் பகுதிகள் மழை மறைவு நிலங்கள். கரிசல் மண்ணும் செம்மண் தேரியும் பனங்காடுமாக விரிந்து கிடக்கும் பூமி அது. ஆண்டு முழுவதும் நெல் விளையும் காவிரிப் படுகை சோழருக்குக் கிடைத்தது. பாண்டியருக்கு அப்படி ஒரு பெரிய படுகை வாய்க்கவில்லை.

அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டு சிறிய ஆறுகள். வைகை வருசநாட்டு மலையில் பிறந்து மதுரை வழியாக இராமநாதபுரம் நோக்கி ஓடுகிறது. மழைக் காலத்தில் பெருகி, கோடையில் மணலாகக் கிடக்கும் ஆறு அது. வழியெங்கும் கண்மாய்களுக்கு நீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பெரும்பாலான ஆண்டுகளில் கடலைப் பார்க்காமலேயே இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும். வந்த நீரைத் தேக்கி வைக்காவிட்டால் அந்தப் பகுதியில் விவசாயம் கிடையாது. அதனால்தான் பாண்டிய நாடு கண்மாய்களின் நாடாக ஆனது. கண்மாயை வெட்டுவதும் மடையைக் காப்பதும் அங்கே அரசின் வேலையாகவும் ஊரின் வேலையாகவும் இருந்தன.

தாமிரபரணி வேறு குணம் கொண்டது. பொதிகை மலையில் பிறக்கும் இந்த ஆற்றுக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. ஆகவே அது வற்றாத ஆறு. ஏறக்குறைய 130 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அதன் குறுக்கே இன்று எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இந்த ஆற்றங்கரையில் மனிதர்கள் எவ்வளவு காலமாக வாழ்ந்தார்கள் என்பதற்கு ஆதிச்சநல்லூர் தாழிகளே சாட்சி.

வைகைக் கரையில் தலைநகரம் மதுரை. தாமிரபரணி முகத்துவாரத்தில் துறைமுகம் கொற்கை. அக்ஸூமுக்கும் அதூலிஸுக்கும் இருந்த அதே உறவு இங்கேயும் இருப்பதைக் கவனிக்கலாம். உள்நாட்டில் ஒரு தலைநகரம், கடலோரத்தில் ஒரு வாசல். பாண்டியர்கள் மீனைத் தங்கள் கொடியில் வைத்தார்கள். கடல் இல்லாமல் தங்கள் நாடு இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

முத்து விளைந்த ஆழமற்ற கடல்

வறண்ட நிலத்துக்கு ஈடாகப் பாண்டியருக்கு ஒரு கடல் கிடைத்தது. தூத்துக்குடிக்கு எதிரே மன்னார் வளைகுடாவின் அடியில் பாறைத் திட்டுகள் உள்ளன. மீனவர்கள் இவற்றைப் ‘பார்’ என்கிறார்கள். ஆழம் அதிகமில்லை, மூச்சை அடக்கி ஒரு மனிதன் குதித்துத் திரும்பக்கூடிய ஆழம்தான். இந்தப் பார்களில்தான் முத்துச்சிப்பிகள் வளர்ந்தன. சங்க இலக்கியம் கொற்கை முத்தைப் பாடுகிறது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பு நடந்த முறையை விரிவாகச் சொல்கிறார். ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் வணிகர்கள் படகுகளோடு கூடுவார்கள். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு வரி. குளிப்பவர்களைச் சுறாக்களிடமிருந்து மந்திரத்தால் காப்பதாகச் சொன்னவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. நெல்லை மட்டும் நம்பியிருந்தால் ஏழையாக இருந்திருக்கக்கூடிய ஒரு நாட்டின் கருவூலத்தை முத்து நிரப்பியது.

அந்தக் கடலின் ஆழமின்மை வேறொரு வகையிலும் உதவியது. இராமேஸ்வரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே ஆதம் பாலம், இராமர் பாலம் என்று அழைக்கப்படும் மணல்திட்டுகள் கிடக்கின்றன. பெரிய கப்பல்கள் அவற்றைத் தாண்ட முடியாது. இன்றுகூடக் கொழும்புப் பக்கமிருந்து சென்னைக்கு வரும் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் வருகின்றன. அன்று அரபு நாடுகளிலிருந்து புறப்பட்டு, கொல்லத்தைத் தொட்டு, குமரிமுனையைச் சுற்றி வந்த கப்பல்களுக்கு மன்னார் வளைகுடாவே வசதியான கடைசி நிறுத்தமாக இருந்தது. சரக்கை இங்கே இறக்கிச் சிறு படகுகளிலும் மாட்டு வண்டிகளிலும் ஏற்றி அனுப்பலாம். அல்லது இங்கிருந்து இலங்கையைச் சுற்றிக் கீழை நாடுகளுக்குப் போகலாம். கடல் குறுகி ஆழம் குறையும் அந்த இடத்தில் ஒரு சந்தை உருவானது இயல்பானது.

காற்று கொண்டுவந்த மனிதர்கள்

பாய்மரக் கப்பலுக்குக் காற்றுதான் காலண்டர். அரபிக் கடலில் தென்மேற்குக் காற்று கப்பல்களை இந்தியாவை நோக்கித் தள்ளும். அதன் உச்சகட்டச் சீற்றத்தில் எந்த மாலுமியும் கடலில் இருக்க விரும்பமாட்டார். சீற்றம் தணியும் காலத்தில் வந்து சேர்ந்து, டிசம்பருக்குப் பிறகு வடகிழக்குக் காற்று நிலைத்ததும் திரும்பிப் போவார்கள். இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் கரையிலேயே தங்கியாக வேண்டும்.

தங்கியவர்களுக்கு வீடு வேண்டும், கிடங்கு வேண்டும், தொழுகைக்குப் பள்ளி வேண்டும், மய்யித்தை அடக்க மையவாடி வேண்டும். சிலர் இங்கேயே திருமணம் செய்துகொண்டார்கள். அவர்களின் பிள்ளைகள் தாயின் மொழியான தமிழைப் பேசினார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் தொடக்கம் இந்தக் காத்திருப்பில் இருக்கிறது. தமிழர்கள் இவர்களைச் சோனகர் என்று அழைத்தார்கள். கப்பலோட்டிய குடும்பங்கள் மரைக்காயர் என்று பெயர் பெற்றன. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழும் இந்தக் கடற்கரை தந்த கொடைதான்.

இந்தக் கடற்கரைக்கு அரபுகள் வைத்த பெயர் ‘மஃபர்’. கடந்து செல்லும் இடம் என்று அதற்குப் பொருள். இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள திருப்புல்லாணிக் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிக்கு அளிக்கப்பட்ட நிலக்கொடையைப் பதிவு செய்திருக்கிறது. ஒரு பெருமாள் கோயிலின் சுவரில் ஒரு பள்ளிவாசலுக்கான கொடை பொறிக்கப்பட்டிருப்பது, அந்தக் காலத்துக் கடற்கரை வாழ்வு எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது.

நிலம் தர மறுத்த குதிரை

நிலம் ஒன்றைக் கொடுத்தால் வேறொன்றைக் கொடுக்காமலும் விடும். பாண்டிய நாட்டில் குதிரை வளரவில்லை. வெப்பமும் ஈரமும் அதற்கு ஒத்துவரவில்லை. ஏற்ற புல்வெளிகளும் இல்லை. உயர்ந்த சாதிக் குதிரைகளைச் சேர்த்தாலும் கால் வளைந்த, சவாரிக்கு உதவாத குட்டிகளே பிறக்கின்றன என்று மார்க்கோ போலோ எழுதினார். ஆனால் சோழர்களோடும் ஹொய்சாளர்களோடும் போரிட்ட ஓர் அரசுக்குக் குதிரைப்படை இல்லாமல் முடியாது.

பாண்டிய மன்னன் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்புகிறான், அவனுடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆனால் ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்று போலோ சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு இன்னும் பெரியது. ஹுர்முஸ், கத்தீஃப், பஹ்ரைன் முதலிய இடங்களிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன. ஒரு குதிரையின் விலை 220 தீனார். பெருக்கிப் பார்த்தால் 22 லட்சம் தீனார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது என்கிறார் அவர். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் முத்தாலும் வரியாலும் சேர்ந்த செல்வத்தில் கணிசமான பகுதி ஆண்டுதோறும் குதிரை வாங்கவே கடல் கடந்து போனது என்பதில் ஐயமில்லை.

இந்தத் தேவைதான் ஒரு முஸ்லிம் வணிகக் குடும்பத்தைப் பாண்டியர் அரசவைக்குள் கொண்டுவந்தது. பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுக்கு 1,400 குதிரைகளைத் தன் பொறுப்பில் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் பொறுப்பும் அவர் கையில் இருந்தது. கி.பி. 1268-இல் ஆட்சிக்கு வந்த மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலம் இது.

நமது சமூகத்தைப் பற்றிய ஒரு பொதுப் பேச்சை இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு முஸ்லிம்களின் வரலாறு 1311-இல் மாலிக் காஃபூர் மதுரைக்குப் படையெடுத்து வந்ததிலிருந்து தொடங்குகிறது என்று சிலர் சொல்வதுண்டு. தகியுத்தீன் அமைச்சராக இருந்தது அதற்கு முன்பு. சோனகர்களும் மரைக்காயர்களும் அதற்கும் வெகு முன்பே இந்தக் கரையில் வாழ்ந்தார்கள். மாலிக் காஃபூரின் படையெடுப்பை எழுதிய அமீர் குஸ்ரோவே, எதிரணியில் நின்ற வீர பாண்டியனின் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்ததைக் குறிப்பிடுகிறார். தாங்கள் வாழ்ந்த மண்ணின் அரசனுக்காக அவர்கள் நின்றிருந்தார்கள். நம்மை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவை பருவக்காற்றும் சந்தையும் ஓர் அரசின் தேவையும்தான். படையெடுப்புகள் பின்னால் வந்தவை.

ஆறு நகர்த்திய துறைமுகம்

இவ்வளவையும் தந்த தாமிரபரணிதான் கொற்கையை மூடியது.

ஆறு மலையிலிருந்து வண்டலைச் சுமந்து வருகிறது. கடலைத் தொடும் இடத்தில் அதன் வேகம் குறைகிறது. சுமையை அங்கே இறக்கிவிடுகிறது. எதிரே கடல் அலைகள் மணலைக் கரைக்குத் தள்ளி முகத்துவாரத்தின் குறுக்கே திட்டாக்குகின்றன. வண்டலும் மணலும் சேர்ந்து கரை மெல்ல மெல்லக் கடலுக்குள் வளர்கிறது. ஓர் ஆண்டில் கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றம் சில நூற்றாண்டுகளில் ஒரு துறைமுகத்தை வயல்வெளியாக ஆக்கிவிடும்.

கொற்கையில் கப்பல் நிற்க முடியாமல் போனபோது வணிகம் கடலை நோக்கி நகர்ந்தது. புதிய துறைமுகம் காயல். ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடும் மற்றச் சரக்குகளோடும் வரும் கப்பல்களெல்லாம் இங்கே தொடுகின்றன என்று மார்க்கோ போலோ எழுதியது இந்தக் காயலைப் பற்றித்தான். சீனத்தின் மிங் அரசு முஸ்லிம் தளபதி செங் ஹேயின் தலைமையில் அனுப்பிய கடற்பயணங்கள் தொடர்பான குறிப்புகளிலும் காயலின் பெயர் வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆராய்ந்த பிஷப் கால்டுவெல், கொற்கைக்கும் கடலுக்கும் இடையே உள்ள பழையகாயல்தான் போலோ சொன்ன காயல் என்று வாதிட்டார். சீனப் பீங்கான் துண்டுகள் அங்கே மண்ணில் சிதறிக் கிடந்ததையும் அவர் பதிவு செய்தார். முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள காயல்பட்டினமே அந்த ஊர் என்று சொல்வோரும் உண்டு.

பிறகு பழையகாயலும் கரையிலிருந்து விலகியது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் முகத்துவாரத்திலேயே உள்ள புன்னைக்காயலில் தங்கினார்கள். இறுதியில் வணிகம் ஆற்றை விட்டே விலகி வடக்கே தூத்துக்குடிக்குப் போனது. அங்கே வண்டல் கொட்டும் பேராறு இல்லை. எதிரே உள்ள சிறு தீவுகள் அலைக்குத் தடுப்பாக நிற்கின்றன. 1658-இல் டச்சுக்காரர்கள் அதைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், தூத்துக்குடி என்ற இந்த நகர்வுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆனது.

பாண்டியர்களின் வீழ்ச்சிக்கு மண்ணை மட்டும் காரணம் சொல்ல முடியாது. குலசேகரனின் மகன்களான சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொண்டார்கள். அந்தப் பிளவில்தான் டில்லிப் படை உள்ளே வந்தது. பிறகு 1378 வாக்கில் விஜயநகரப் படையிடம் வீழும்வரை மதுரை சுல்தான்களின் ஆட்சி நடந்தது. புவியியல் ஓர் அரசுக்கு வாய்ப்பைத் தரும், எல்லையையும் வகுக்கும். சகோதரச் சண்டையைத் தீர்த்துவைக்காது. ஆனால் அரசுகள் மாறியபோதும் காயலும் கீழக்கரையும் தொடர்ந்து வாழ்ந்தன. கீழக்கரையின் வள்ளல் சீதக்காதி என்ற செய்கு அப்துல் காதிர் கப்பல் வணிகத்தில் பொருளீட்டி உமறுப் புலவரை ஆதரித்தது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். கடலும் காற்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றை அறிந்த மக்களும் இருந்தார்கள்.

எர்ணாவூருக்கு இது ஏன் தேவை?

இப்போது வடசென்னைக்கு வருவோம். எர்ணாவூருக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், சற்று வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். தாமிரபரணிக் கரையில் நாம் பார்த்த ஆறு, மணல், அலை ஆகிய மூன்றும் இங்கேயும் உண்டு.

இந்த அமைப்புதான் நமது பகுதியின் பிழைப்பையும் தீர்மானித்தது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய், பிற்பாடு நீட்டிக்கப்பட்டுப் பக்கிங்காம் கால்வாய் ஆனது. படகுகளில் விறகும் உப்பும் வந்தன. 1856-இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. சமதளமான நிலம், துறைமுகத்துக்கு அருகாமை, ரயில் பாதை, குளிர்விக்கக் கழிமுகத்து நீர் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால் ஆலைகள் வந்தன. 1948-இல் மோட்டார் தொழிற்சாலை, 1960-களில் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம், 1990-களில் வட சென்னை அனல் மின் நிலையம், 2001-இல் எண்ணூர் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்தப் புவியியல்தான். தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த நம்மவர்களும் அதில் அடக்கம்.

ஆனால் மணலுக்கும் தன் கணக்கு உண்டு. இந்தக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1870-களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராததால் இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. இன்று அங்கே நீளக் கொட்டிக் கிடக்கும் கருங்கற்கள் அதன் விளைவு. மெரினாவின் விரிவுக்கான விலையை வடசென்னைக் குப்பங்கள் கொடுத்தன என்று சொன்னால் தவறாகாது.

முகத்துவாரத்தின் நிலை அதைவிடக் கவலைக்குரியது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்ட பிறகு கொசஸ்தலையில் கோடை நாட்களில் கடலை நோக்கி வரும் நன்னீர் மிகவும் குறைந்தது. உள்ளிருந்து நீர் தள்ளாவிட்டால் வெளியிலிருந்து மணல் மூடும். அதோடு அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து ஆற்றுப் படுகையில் படிந்தது. மீனவர்கள் இடுப்பளவு, கழுத்தளவு நீரில் இறால் பிடித்த இடங்கள் மேடாகிவிட்டன. உப்பளங்களும் சதுப்பு நிலங்களும் கட்டடங்களுக்காக மேடாக்கப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியபோது, படகுகளும் வலைகளும் வீட்டுச் சுவர்களும் கறுத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வெள்ளம் வடிய வேண்டிய வாசல் குறுகினால் அதன் விளைவு வீட்டுக்குள்தான் தெரியும்.

கொற்கைக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு காலத்தில் இருக்கிறது. தாமிரபரணி பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டு செய்ததைக் கொசஸ்தலையில் மனிதர்கள் ஐம்பது ஆண்டுகளில் செய்துகொண்டிருக்கிறார்கள். கொற்கையின் வணிகர்கள் துறைமுகத்தோடு சேர்ந்து கிழக்கே நகர முடிந்தது. அடுத்த தலைமுறைக்குப் புதிய கரை இருந்தது. எர்ணாவூருக்கு அந்த வசதி இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களும் இங்கே குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். ஒருமுறை கடலால் இடம் மாற்றப்பட்டவர்களை இன்னொரு முறை வெள்ளத்தால் எங்கே அனுப்புவது?

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, நமது பிள்ளைகளுக்கு இந்த நிலத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நைல் நதியின் நீளத்தை மனப்பாடம் செய்யும் மாணவருக்குக் கொசஸ்தலை எங்கே பிறந்து எங்கே கடலில் கலக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விடுமுறையில் திருச்செந்தூர், காயல்பட்டினம் பக்கம் போகும் குடும்பங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொற்கையையும் பழையகாயலையும் பார்த்துவிட்டு வரலாம். கடல் இருந்த இடத்தில் வயலும் குளமும் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, முகத்துவாரம் அடைபடுவது என்றால் என்ன என்பதை மறக்காது.

இரண்டாவதாக, பாண்டியர் காலத்துக் கண்மாய்ப் பழக்கம் நமக்கு ஒரு முன்மாதிரி. மடையைக் காப்பது ஊரின் வேலையாகவும் இருந்ததால்தான் வறண்ட பூமியில் ஓர் அரசு நிலைத்தது. முகத்துவாரத்தைத் தூர்வாருவது, சாம்பல் படிவை அகற்றுவது, மிஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்களைக் காப்பது ஆகியவற்றை அரசிடம் கேட்பதில் மீனவ கிராமங்கள் இத்தனை ஆண்டுகளாக முன்னே நிற்கின்றன. கிராம சபை, வார்டு கூட்டம், சுற்றுச்சூழல் கருத்துக்கேட்பு எதுவானாலும் ஜமாஅத்துகளும் குடியிருப்போர் சங்கங்களும் அவர்களோடு சேர்ந்து அமர வேண்டும். வெள்ளம் வரும்போது உணவுப் பொட்டலம் கொடுப்பதில் நமது இளைஞர்கள் குறை வைத்ததில்லை. வெள்ளம் வருவதற்கு முன் நடக்கும் கூட்டங்களிலும் அவர்கள் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, பகுதியின் மீனவ முதியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். எந்த மாதத்தில் மணல் எந்தப் பக்கம் ஓடும், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இருந்தது, எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோனது. பார்களின் பெயர்களையும் குளிப்பு முறையையும் நேரில் அறிந்த தலைமுறையும் மெல்ல மறைந்துவருகிறது. எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய அறிவாவது அப்படிப் போகாமல் இருக்கட்டும். பள்ளி மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தொடங்கினாலே போதும்.